பூச்சியம் முதல் பத்து வரை

ஒரு நண்டு. இரண்டு கல்.
இடக்கல் பூச்சியம், வலக்கல் பத்து.
நடுவில் அது போகவேண்டும், வரவேண்டும்.
"அரை மணித்தியாலம் காணும்" என்று
தினூக்கிடம் நான் சொன்னது திங்கட்கிழமை.
இன்று வியாழன்.

முதல்நாள் மூன்று மூன்றாகக் கூட்டினேன்.
பத்துக்குச் சமமானால் திரும்பு என்றேன்.
பூச்சியம், மூன்று, ஆறு, ஒன்பது,
பன்னிரண்டு.
நண்டு பத்தை மிதிக்கவே இல்லை.
கல்லைத் தாண்டி, திரையைத் தாண்டி
யாரும் கூப்பிடாத பக்கம் போய்க்கொண்டே இருந்தது.
விளையாடிப் பார்த்துப் பிழை பிடிக்கிற ஷிஃபானா
சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி கேட்டாள்:
"உங்கட நண்டு எங்க?"
பார்த்தேன்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்தில்.
"அப்ப பாணந்துறை தாண்டியிருக்கும்."

சமம் என்பது இரக்கமில்லாத சொல்.
ஒரே ஒரு புள்ளியில்தான் கதவு திறந்து வைத்திருக்கும்.
"அல்லது அதற்கு மேல்" என்று சேர்த்தேன்.
திரும்பியது.
திரும்பிய கையோடு மறுபடி திரும்பியது.
போகும்போது மூன்று, வரும்போது களைப்பில் ஒன்று
என்று வைத்தது என் புத்தி.
பன்னிரண்டு, பதினொன்று, பதினான்கு, பதின்மூன்று.
பதினொன்றும் பத்துக்கு மேல்தானே,
ஆகவே திரும்பு,
பதின்மூன்றும் மேல்தானே, ஆகவே திரும்பு.
காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கி நடுங்கி
அது கடலுக்குள் இறங்குவதை
ஒரு முழு பிளேன்டீ ஆறும்வரை பார்த்திருந்தேன்.

திரும்பு என்று சொல்லக்கூடாது.
எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறவனுக்கு அது?
இடப்பக்கம் போ என்று சொல்லவேண்டும்.
இதைக் கண்டுபிடிக்கச் செவ்வாய் முழுக்கப் போனது.

புதன் காலை தினூக் வந்து
"வேகம் கூடிப்போச்சு, பாதியாக்குங்க" என்றான்.
அடி அரையானது.
முழு எண்ணுக்கு அரை தெரியாது.
நூறாம் இலக்க பஸ் கண்டக்டர்
மிச்சக்காசை விழுங்குவதுபோல விழுங்கிவிடும்.
ஐந்தில் நிற்கிற நண்டு வலப்பக்கம் எட்டுவைத்தால்
ஐந்தரை. வெட்டினால் ஐந்து.
மறுபடி ஐந்தரை. மறுபடி ஐந்து.
இடப்பக்கம் வைத்தாலோ நாலரை, வெட்டினால் நாலு.
பின்னால் வர முழு அடி,
முன்னால் போக ஒன்றுமே இல்லை.
மாலைக்குள் அது பூச்சியத்தில்,
வலக்கல்லைப் பார்த்தபடி,
கால்கள் மட்டும் அசைய.

அரைகளுக்குத் தனியாக ஒரு பெட்டி வைத்தேன்.
இரண்டு சேர்ந்தால் ஒரு அடி கொடு.
உள்ளே என்ன சேர்கிறதென்று
திரைக்குத் தெரியவேண்டியதில்லை.

இப்போது சரி.
பூச்சியம், பத்து, பூச்சியம், பத்து.
ஒரு பிழையும் இல்லை.
பார்க்கத்தான் முடியவில்லை.
கார்க் கண்ணாடி துடைப்பான் அது. நண்டு இல்லை.

இரவு ஒன்பதரை. மற்றவர்கள் போய்விட்டார்கள்.
மரைன் டிரைவ் பக்க ஜன்னலின் கீழே
பாதி கட்டிய மாடிவீடு.
அதன் காவலாளி பியதிலக
தகர வாசலிலிருந்து சீமெந்து மூட்டைவரை நடக்கிறார்,
மூட்டையிலிருந்து வாசல்வரை.
பதினொரு அடி. எண்ணினேன்.
வாசலில் அவர் உடனே திரும்புவதில்லை.
நிற்கிறார். டோர்ச்சை மற்றக் கைக்கு மாற்றுகிறார்.
வெள்ளவத்தை ஸ்டேஷனை விட்டு ரெயில் ஒன்று
கடலோரமாக வெளிச்சம் இழுத்துக்கொண்டு போகிறது,
கடைசிப் பெட்டிவரை பார்க்கிறார்.
பிறகு, யாரோ சொன்னதுபோல, திரும்புகிறார்.

மேசைக்கு வந்து ஒரு வரி சேர்த்தேன்.
கல்லை அடைந்தால் கொஞ்சம் நில்.
எவ்வளவு என்று எழுதவேண்டிய இடத்தில்
ஒவ்வொரு தடவையும் வேறு.

பத்து மணிக்கு வீட்டிலிருந்து ஷிஃபானா:
"நண்டு பத்தில நிண்டு எதையோ பாக்குது. பிழையா?"
இல்லை என்று அனுப்பினேன்.
"என்னத்தப் பாக்குது?"

ஜன்னலுக்குப் போனேன்.
பியதிலக ஏழாவது அடியில் நின்றுவிட்டார்,
வாசலுமில்லை, மூட்டையுமில்லை.
காதில் போன். தலை குனிந்திருக்கிறது.
என் கணக்கில் ஏழில் நிற்க வழியே இல்லை.
எட்டுக்காக நின்றுகொண்டிருக்கிறேன்.